காற்று வண்டி கோளாறு செய்தால்

கல் குவாரியில் பாறையைத் துளைக்கிறார்கள். கிணற்றின் அடியில் குழி போடுகிறார்கள். பழைய சாலையை உடைக்கிறார்கள். இந்த வேலைகளுக்குக் காற்று வேண்டும். அதைத் தருவது கம்ப்ரசர் வண்டி. டிராக்டர் அல்லது லாரி இதை இழுத்து வரும்.

வண்டி நின்றால் வேலை நிற்கும். அன்றைய கூலி போகும். அதனால் எல்லோருக்கும் அவசரம். அந்த அவசரத்தில் விபத்து நடக்கலாம். கம்ப்ரசர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால், நிதானமாகக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம்.

எப்படி வேலை செய்கிறது?

சைக்கிள் பம்பு உங்களுக்குத் தெரியும். பழைய கம்ப்ரசரும் ஒரு பெரிய பம்புதான். டீசல் இன்ஜின் பிஸ்டனை ஓட்டுகிறது. பிஸ்டன் இறங்கும்போது வெளிக்காற்று ஃபில்டர் வழியாக உள்ளே வருகிறது. பிஸ்டன் ஏறும்போது காற்று நெருக்கப்பட்டு டேங்குக்குப் போகிறது. காற்று திரும்பி வராமல் வால்வு தடுக்கிறது. டேங்கிலிருந்து ஹோஸ் வழியாகத் துளை போடும் கருவிக்குப் போகிறது.

டேங்கில் காற்றின் அழுத்தம் பெரும்பாலும் 7 கிலோ இருக்கும். அப்படி என்றால் என்ன? ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்தையும் 7 கிலோ எடை அழுத்துகிறது என்று பொருள். 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள இடத்தில் இது 700 கிலோ ஆகிவிடும். இவ்வளவு பலம் டேங்குக்குள் அடைபட்டு இருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது

எதையும் கழற்றும் முன் இன்ஜினை நிறுத்துங்கள். வண்டி உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டேங்கின் அடியில் உள்ள குழாயைத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். பழைய கேஜ் தவறாகவும் காட்டலாம். ஆகவே காற்றுச் சத்தம் முழுவதும் அடங்கிய பிறகே ஸ்பானரை எடுங்கள்.

காற்று போதவில்லையா?

ஹோஸுக்குப் போகும் குழாயை மூடிவிட்டு வண்டியை ஓட்டுங்கள். கேஜ் முள்ளைக் கவனியுங்கள்.

முள் வழக்கம்போல் ஏறுகிறதா? அப்படியானால் கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது. ஹோஸிலோ துளை போடும் கருவியிலோ காற்று கசிகிறது. இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவுங்கள். நுரை கிளம்பும் இடத்தில் கசிவு இருக்கிறது. காற்றை வெளியேற்றிவிட்டு அதைச் சரி செய்யுங்கள்.

முள் மெதுவாக ஏறுகிறதா? அப்படியானால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். குவாரித் தூசி அதை அடைத்திருக்கும். சுத்தம் செய்யுங்கள், அல்லது புதியது போடுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். தூசி உள்ளே போனால் ரிங் தேய்ந்துவிடும். அடுத்து, பெல்ட் உள்ள வண்டியானால் அது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது ஃபில்டர் வழியாகக் காற்று வெளியே அடித்தால், உள்ளே இழுக்கும் வால்வு கெட்டிருக்கிறது. அதை மெக்கானிக் பார்க்கட்டும்.

காற்றில் எண்ணெய் வருகிறதா?

கம்ப்ரசரில் எண்ணெய் அளவுக்கு மேல் இருக்கலாம். அளவு சரியாக இருந்தால், ரிங் தேய்ந்திருக்கலாம்.

அதிகமாகச் சூடாகிறதா?

எண்ணெய் குறைந்திருக்கலாம். குளிர்விக்கும் தகடுகளில் தூசி படிந்திருக்கலாம். விசிறி சரியாகச் சுற்றாமல் இருக்கலாம்.

சேப்டி வால்வு சீறுகிறதா?

டேங்கில் காற்று அளவுக்கு மீறினால் சேப்டி வால்வு திறந்து காற்றை வெளியே விடும். அது சீறினால் சிலர் திருகி இறுக்குவார்கள். சிலர் ஆணி வைத்து அடைப்பார்கள். இது உயிருக்கே ஆபத்து. காற்று போக வழி இல்லாவிட்டால் டேங்க் வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் யாரும் தப்ப முடியாது.

சேப்டி வால்வு சீறினால் வண்டியை நிறுத்துங்கள். அளவு வந்ததும் காற்று ஏறுவதை நிறுத்தும் பாகம் வேலை செய்யாமல் இருக்கலாம். அல்லது சேப்டி வால்வே கெட்டிருக்கலாம். இரண்டையும் தெரிந்தவர்தான் சரி செய்ய வேண்டும்.

தினமும் செய்யுங்கள்

காற்றில் ஈரம் உண்டு. அது டேங்கின் அடியில் நீராகத் தேங்கும். அந்த நீர் உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே தகடு மெலிந்திருக்கலாம். ஆகவே வேலை முடிந்ததும் தினமும் நீரை வடித்துவிடுங்கள். துரு அரித்த டேங்குக்கு வெல்டிங் ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள். டேங்கையே மாற்ற வேண்டும்.

ஹோஸ் இணைப்புகளைச் சங்கிலியால் கட்டி வையுங்கள். கழன்ற ஹோஸ் பாம்பு போலத் துள்ளி ஆளை அடிக்கும். உடம்பில் உள்ள தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். அந்தக் காற்று தோலைத் துளைத்து உள்ளே போகும். கண்ணும் காதும் கெடும்.

வண்டி முதலாளியுடையதாக இருக்கலாம். ஆனால் அதன் பக்கத்தில் நிற்பவர் நீங்கள். சேப்டி வால்வு அடைத்த வண்டியில் வேலை செய்யச் சொன்னால், எல்லோரும் சேர்ந்து, "முதலில் சரி செய்யுங்கள்" என்று கேளுங்கள். ஒரு நாள் கூலியைப் பிறகு சம்பாதிக்கலாம்.