செங்கமாரி எல்லாம் ஒன்றல்ல

கண்ணும் மேனியும் மஞ்சளித்தவுடன் செங்கமாரி என்று தீர்மானித்து, கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் கொடுத்துப் பத்தியம் காப்பது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஈரலைப் பற்றும் கிருமிகளால் வரும் செங்கமாரி பெரும்பாலும் ஓய்வினாலேயே தணிந்துவிடுகின்றது. புகழோ மூலிகையைச் சேர்கின்றது. ஆனால், மஞ்சள் நிறம் நோயன்று. நோயின் அடையாளம் மாத்திரமே. பித்தநீர் வடியும் வழி அடைபட்டாலும் அதே நிறம் தோன்றும். அந்த அடைப்பைப் பத்தியம் நீக்கமாட்டாது.

நமது ஈரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 முதல் 1000 மில்லிலீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கின்றது. நுண்ணிய நாளங்கள் பல ஒன்றுகூடிப் பொதுப் பித்தநாளமாகிச் சிறுகுடலிற் சென்று திறக்கின்றன. அந்நாளத்தின் நீளம் ஏறத்தாழ 8 சென்றிமீற்றர். அகலமோ 6 மில்லிமீற்றர் அளவே. உண்ட கொழுப்பைச் சமிக்கச் செய்வது பித்தநீரின் ஒரு பணி. 120 நாள் வாழ்ந்து அழியும் செங்குருதித் துணிக்கைகளின் மஞ்சட் கழிவை வெளியேற்றுவது மற்றொரு பணி. மலத்துக்கு நிறமளிப்பதும் அக்கழிவே.

தெஹிவளைக் கால்வாயை அறிந்த நமக்கு இதனை விளக்குவது எளிது. கால்வாய் கடலிற் கலக்குமிடத்தை மணல் மேடு அடைத்துவிட்டால், பெருமழை நீர் போக்கிடமின்றித் திரும்பி ஒழுங்கைகளுக்குள் ஏறுகின்றதன்றோ? நாளம் அடைபட்டால் பித்தமும் அவ்வாறே இரத்தத்திற் கலக்கின்றது. மலம் சுண்ணாம்பு போல் வெளிறுகின்றது; சிறுநீர் சாயம் ஏறிய தேநீர் போலாகின்றது; உடலெங்கும் தினவெடுக்கின்றது. இம்மூன்றையும் காண்போர் வைத்தியரை நாடத் தாமதித்தல் ஆகாது.

கல்லும் புழுவும்

அடைப்புக்குப் பெருங் காரணம் பித்தப்பையிலிருந்து நழுவி நாளத்திற் சிக்கும் கற்களே. சில வேளை குடலிலுள்ள நாக்குப்பூச்சியும் நாளத்தினுள் ஏறிவிடுவதுண்டு. தேங்கிய நீரிற் கிருமி பெருகுவது போலத் தேங்கிய பித்தத்திலும் பெருகும். வலது விலாவின் கீழ் நோவு, நடுக்கத்துடன் கூடிய காய்ச்சல், மஞ்சள் நிறம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை 1877ஆம் ஆண்டிலேயே பிரான்சிய வைத்தியர் சார்கோ எடுத்துரைத்தார். இஃது உயிராபத்தான நிலை. நாட்கணக்கில் அன்று, மணிக்கணக்கிற் செயற்பட வேண்டியது.

முன்னாளில் வயிற்றைக் கீறியே கல்லை அகற்றினர். 1974ஆம் ஆண்டில் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் வைத்தியர்கள் வாய்வழியே நோக்குக் குழாயைச் செலுத்தி, நாளத்தின் வாயை அகலப்படுத்திக் கல்லை எடுக்கும் முறையைக் கண்டனர். இன்று உலகெங்கும் கையாளப்படுவது அம்முறையே.

நடுத்தர வயதுப் பெண்டிரிற் சிலருக்கு, உடலின் காப்பாற்றலே நுண்ணிய நாளங்களைத் தாக்கி அழிப்பதுண்டு. காரணமறியாத தினவும் களைப்புமே அதன் முதற் குறிகள். முன்கூட்டி அறிந்தால் மாத்திரைகளாற் கட்டுப்படுத்தலாம். முதியோருக்கு நோவின்றி வரும் மஞ்சளோ புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். நோவில்லையே என்று வாளாவிருத்தல் தவறு.

பச்சிளங் குழந்தைக்கு வந்தால்

தாய்மார் யாவரும் அறியவேண்டியது இதுவே. பிறந்த குழந்தைகள் பலருக்கு மேனி மஞ்சளித்து, இரண்டு வாரங்களில் மறைந்துவிடுவது இயல்பு. ஆனால், மிகச் சில குழந்தைகளுக்குப் பித்தநாளமே அடைபட்டுச் சிதைந்துபோகின்றது. குழந்தை பால் குடிக்கும்; முதல் வாரங்களிற் கொழுகொழுவென்றும் தோன்றும். ஆதலால், இளவெயிலிற் காட்டினாற் போதுமென்று பெரியோர் ஆறுதல் கூறுவர். அதற்குள் ஈரல் சிறிது சிறிதாகக் கெட்டுக்கொண்டிருக்கும்.

1950களில் ஜப்பானின் செண்டாய் நகரில் மொரியோ கசாய் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், சிதைந்த நாளத்தை அகற்றிக் குடலின் ஒரு பகுதியை ஈரலோடு நேரே இணைக்கும் முறையை வகுத்தார். குழந்தைக்கு 60 நாள் நிறையுமுன் செய்தால் அதன் பலன் மிகுதி. நாள் கடக்கக் கடக்கப் பலன் குறையும். பின்னர் மாற்று ஈரல் பொருத்துவதே வழியாகும். தாய்வான் நாட்டில் 2004ஆம் ஆண்டு முதல், மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையைத் தாய்மாருக்கு வழங்கி இந்நோயைக் காலத்தோடு கண்டுபிடித்து வருகின்றனர். அட்டை இல்லாத வீட்டிலும் தாயின் கண் உண்டு. குழந்தையின் மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருத்தல் நன்று. வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ இருத்தல் தீது.

பதினான்கு நாள் கடந்தும் மஞ்சள் மறையாவிடினும், மலம் வெளிறிக் காணப்படினும், அன்றே குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தெஹிவளை வாசிகளுக்குக் களுபோவிலை போதனா வைத்தியசாலை அண்மையில் உள்ளது. பொரளையில் லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கின்றது. அழுக்குத் துணியை அலசுமுன் அதன் நிறத்தை ஒருகணம் நோக்குவதற்குப் பணமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். அந்தக் கவனம் ஓர் உயிரைக் காக்கலாம்.