தொலைவில் கணிப்பொறி, கையில் சுட்டி

1968ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் பலர் கூடிய அவையின் முன் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பார் சிறு பெட்டி ஒன்றை மேசைமீது உருட்டினார். திரையில் ஒரு புள்ளி அதற்கேற்ப நகர்ந்தது. ‘மவுஸ்’ என்று நாம் வழங்கும் சுட்டி உலகறிய அரங்கேறியது அன்றுதான். பலரும் கருதிப் பாராத செய்தி ஒன்று இதில் உண்டு. அவர் இயக்கிய கணிப்பொறி அந்த அரங்கில் இல்லை! ஏறத்தாழ 30 மைலுக்கு அப்பால், மென்லோ பார்க்கில் இருந்தது.

இன்று அந்த வித்தை நமக்கும் எளிதாகிவிட்டது. ஆனால் எளிது என்று நம்பியதால் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். சென்ற விடுமுறையில் ஊரில் இருந்தபடியே வெளியூர்க் கணிப்பொறி ஒன்றில் இருந்த என் ஆய்வேட்டை முடிக்க முனைந்தேன். கடவுச்சொல்லைத் தட்டினேன், தவறு என்றது. மீண்டும் மீண்டும் தட்டினேன், கணக்கே பூட்டிக்கொண்டது. மறுநாள் ஏட்டை ஒப்படைக்க வேண்டும்!

காரணம் யாது? விண்டோஸின் ‘ரிமோட் டெஸ்க்டாப்’ நாம் தட்டும் எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்து விசை அழுந்தியது என்பதையே அனுப்புகிறது. அதை எழுத்தாக்குவது அங்குள்ள விசைப்பலகை அமைப்பு. நம் நாட்டில் பெரிதும் வழங்குவது அமெரிக்க அமைப்பு; அதில் ஷிப்டுடன் 2ஐ அழுத்தினால் ‘@’ வரும். அங்கே இருந்ததோ பிரிட்டிஷ் அமைப்பு. அதே விசை அதில் மேற்கோள் குறியைத் தரும். கடவுச்சொல்லோ வெறும் புள்ளிகளாகத் தெரிவது. பிழை கண்ணுக்குப் புலப்படுமா? ஆகவே ஐயமுள்ள குறியை முதலில் பயனர் பெயருக்குரிய கட்டத்தில் தட்டிப் பார்த்து அழித்துவிடுவது நலம். அமைப்பு மாறியிருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நம் பொறியே விழித்துக்கொள்ளும். போலி நுழைவுத்திரை காட்டிக் கடவுச்சொல் திருடுவோரைத் தடுக்க, அக்கட்டளையை வேறெந்த மென்பொருளும் இடைமறிக்காதபடி விண்டோஸ் தன் வசமே வைத்துள்ளது. தொலைப்பொறிக்கு அதை அனுப்ப, டெலீட்டுக்கு மாற்றாக எண்ட் விசையை அழுத்த வேண்டும். ஆல்ட்–டேப் போன்றவை எங்கே செல்ல வேண்டும் என்பதை ‘லோக்கல் ரிசோர்சஸ்’ பக்கத்தில் தேர்ந்தெடுக்கலாம். நாம் மாற்றாத வரையில், முழுத்திரையில் மட்டுமே அவை தொலைப்பொறியைச் சென்றடையும்.

சுட்டியின் தொல்லை வேறு வகை. சில கருவிகள் சுட்டி நின்ற இடத்தைச் சொல்லாமல், நகர்ந்த அளவை மட்டும் அனுப்புகின்றன. கையின் வேகத்துக்கேற்பத் தொலைவைக் கூட்டும் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்னும் வசதி அங்கே இயங்கினால், அந்த அளவு மேலும் பெருகும். பிறகென்ன, திரையில் இரண்டு அம்புகள். ஒன்றை மற்றொன்று துரத்தும்! தொலைப்பொறியில் அவ்வசதியை நீக்கி, வேகத்தை நடுவில் நிறுத்தினால் இரண்டும் ஒன்றாகும்.

பூட்டிய கணக்கு அரைமணியில் திறந்தது, ஏடும் முடிந்தது. களிப்பில் ‘ஷட் டவுன்’ மீது சுட்டியைக் கொண்டு சென்றேன். நல்லவேளை, கை நின்றது. அணைத்திருந்தால், அங்கே போய் மின்பொத்தானை அழுத்த அவ்விரவில் யாரும் இல்லை. இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு உறங்கப் போனேன்.