மௌனம் மருந்தல்ல: காது இரைச்சலும் ஒலிக்கூச்சமும்

வெளியே ஒலி எதுவும் இல்லாதபோதும் காதுக்குள் ‘ஙொய்’ என்றும் ‘உய்’ என்றும் விடாமல் கேட்கும் சத்தத்தைக் காது இரைச்சல் என்கிறோம். மருத்துவத்தில் இதன் பெயர் டின்னிடஸ். பாத்திரம் உருளும் ஓசை, குழந்தையின் கூச்சல், பக்கத்துத் தெருவின் ஹாரன் என்று மற்றவர்கள் பொருட்படுத்தாத ஒலிகள்கூடத் தாங்க முடியாதவையாகத் தோன்றினால் அது ஒலிக்கூச்சம்; மருத்துவர்கள் ஹைபர்அக்யூசிஸ் என்பார்கள். இவை இரண்டும் பலருக்குச் சேர்ந்தே வருகின்றன. 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பின்படி, வயது வந்தவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் காது இரைச்சலை உணர்ந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 2 விழுக்காட்டினருக்கு அது கடுமையாக இருக்கிறது. இத்தனை பேரும் முதலில் தேடுவது அமைதியைத்தான். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது, கல்யாணம் காட்சிக்குப் போகாமல் இருப்பது, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது என்று ஒவ்வொன்றாகத் தொடங்குகிறார்கள். இது இயல்பான எண்ணம்தான். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்திருக்கும் சான்றுகள் இதற்கு எதிர்த்திசையைக் காட்டுகின்றன. முழு அமைதி இந்தத் துன்பத்தைப் பெரும்பாலும் வளர்க்கிறது. அளவான ஒலியோடு மெல்லப் பழகுவதும் அச்சம் தணிவதுமே மீட்சிக்கு வழி.

இரைச்சல் எங்கே பிறக்கிறது?

உட்காதில் நத்தைக் கூடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியா என்ற உறுப்புக்குள், ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. உரத்த சத்தம், முதுமை, சில மருந்துகள் ஆகியவற்றால் இவை பழுதடைந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளிடம் இன்னொன்றையும் கண்டார்கள். உரத்த சத்தத்தால் மந்தமான செவித்திறன் பழைய நிலைக்குத் திரும்பிய பின்னும், மயிர்ச் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் பல நிரந்தரமாக அழிந்திருந்தன. பரிசோதனையில் காது நன்றாக இருப்பதாக வந்தும் இரைச்சல் கேட்பது எப்படி என்ற கேள்விக்கு இது ஒரு விடையாக இருக்கலாம்.

காதிலிருந்து வரும் செய்தி குறைந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. குறைவை ஈடுகட்டத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. தூரத்து வானொலி நிலையம் சரியாக எடுக்காதபோது ஒலியளவைத் திருகி ஏற்றினால் பாட்டோடு சேர்ந்து கரகரப்பும் பெரிதாவதைப் போல, செவிப் பாதையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நரம்புச் சலனமும் அப்போது பெரிதாகி இரைச்சலாகக் கேட்கிறது. வெளியிலிருந்து வரும் சாதாரண ஒலியும் அதே காரணத்தால் பேரொலியாக அறைகிறது. இரைச்சலுக்கும் ஒலிக்கூச்சத்துக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான். கட்டி அகற்றும் அறுவையில் செவி நரம்பே துண்டிக்கப்பட்டவர்களில் பலருக்கும் இரைச்சல் தொடர்ந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காதில் தொடங்கினாலும், அதைத் தக்கவைப்பது மூளைதான் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

அமைதி எப்படிப் பகையாகிறது?

1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் நல்ல செவித்திறன் கொண்ட 80 பேரை ஒலி புகாத அறையில் சிறிது நேரம் அமரவைத்தார்கள். அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். போதிய அமைதி இருந்தால் நலமான காதும் இரைச்சலைக் கேட்கும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. 2012இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 18 தன்னார்வலர்கள் ஒரு காதை மட்டும் 7 நாள் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களில் 14 பேருக்கு இல்லாத ஒலி கேட்கத் தொடங்கியது; அடைப்பை எடுத்ததும் மறைந்தது. ஒலியைத் தடுத்தாலே மூளை தன் உணர்திறனை ஏற்றுகிறது, ஒலி திரும்பினால் இறக்குகிறது என்பதை இந்தச் சிறு ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது.

ஒலிக்கூச்சத்துக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் ஃபார்ம்பி குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்கள் இரண்டு வாரம் நாள் முழுதும் காதடைப்பானோடு இருந்தார்கள். பிறகு இன்னொரு முறை, மெல்லிய இரைச்சலை எழுப்பும் சிறு கருவியை அதே அளவு காலம் அணிந்தார்கள். காதை அடைத்திருந்த பிறகு முன்பு சாதாரணமாகத் தோன்றிய ஒலிகள் உரத்தவையாகத் தெரிந்தன. மெல்லிய ஒலியோடு இருந்த பிறகு முன்பைவிட உரத்த ஒலியையும் எளிதாகத் தாங்க முடிந்தது. ஒலிக்கூச்சத்துக்குப் பயந்து பகலெல்லாம் பஞ்சு வைத்துக்கொள்பவர் தன்னை அறியாமலே அந்தக் கூச்சத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். கூச்சம் கூடக்கூட இன்னும் இறுக்கமாக அடைக்கத் தோன்றும். இந்தச் சுழலை உடைப்பதுதான் சிகிச்சையின் முதல் வேலை.

சத்தம் சிறிது, துன்பம் பெரிது

நோயாளி கேட்கும் இரைச்சலை வெளி ஒலியோடு ஒப்பிட்டு அளந்தால், பெரும்பாலோருக்கு அது அவர்களால் கேட்க முடிந்த மிக மெல்லிய ஒலியைவிடச் சில டெசிபல் மட்டுமே கூடுதலாக இருக்கிறது. அந்த அளவுக்கும் படும் வேதனைக்கும் நேரான தொடர்பு கிடையாது. ஒரே அளவு இரைச்சலோடு ஒருவர் நிம்மதியாக வேலை பார்க்கிறார். இன்னொருவர் தூக்கமிழந்து துடிக்கிறார். பாவெல் யாஸ்ட்ரெபோஃப் என்ற நரம்பியலாளர் 1990இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மின்விசிறியின் ஓசையை மூளை ஆபத்தற்றது என்று முடிவுசெய்து கவனத்திலிருந்து ஒதுக்கிவிடுகிறது. காது இரைச்சலையோ, ‘இது என்ன நோய், செவிடாகிவிடுவேனோ, பைத்தியம் பிடிக்குமோ’ என்ற அச்சத்தோடு மூளை பிணைத்துவிட்டால், உணர்ச்சியை ஆளும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. கவனம் இரவும் பகலும் அதன்மீதே நிற்கிறது.

1801இல் பீத்தோவன் தன் நண்பர் வேகெலருக்கு எழுதிய கடிதத்தில், காதுகள் இரவு பகலாக இரைவதையும், யாராவது உரக்கக் கத்தினால் தாங்க முடியாமல் போவதையும், காது மந்தமானதை மறைக்க மனிதர்களோடு சேர்வதையே தவிர்ப்பதையும் சொல்கிறார். இரைச்சல், கூச்சம், தனிமை என்ற மூன்றும் ஒன்றையொன்று வளர்ப்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கடிதத்திலேயே பார்க்கலாம். அவருக்குக் கிடைக்காத உதவி இன்று இருக்கிறது. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்ற உளவியல் முறை, இரைச்சல் பற்றிய அச்ச எண்ணங்களை ஆராய்ந்து மாற்றவும், விலகிப்போன செயல்களுக்கு மெல்லத் திரும்பவும் பழக்குகிறது. நெதர்லாந்தில் 492 பேரிடம் நடந்து 2012இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, இந்த முறையை மையமாக வைத்த சிகிச்சை வழக்கமான சிகிச்சையைவிட வாழ்க்கைத் தரத்தை உயர்த்தியதைக் காட்டியது. 28 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வும் இரைச்சலால் வரும் பாதிப்பு இதனால் குறைகிறது என்றே சொல்கிறது.

எழும் மறுப்புகள்

சத்தத்தால் வந்த கோளாறைச் சத்தமே எப்படித் தீர்க்கும் என்று கேட்பது நியாயம். காதைக் கெடுக்கும் ஒலி வேறு, காதுக்கு வேண்டிய ஒலி வேறு. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் பாதுகாப்பு எல்லை. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது கால் மணி நேரம்தான். சரவெடி, திருவிழாவின் குழாய் ஒலிபெருக்கி, ஆள் உயர ஸ்பீக்கர்கள், கல் அறுக்கும் இயந்திரம் ஆகியவற்றின் முன்னே காதடைப்பான் கட்டாயம் வேண்டும். இரைச்சல் உள்ளவருக்கு அது இன்னும் கட்டாயம். பேச்சு, சமையலறை, மழை, சாதாரணத் தெரு ஆகியவற்றின் ஒலி காதைக் கெடுப்பதில்லை. பாதுகாப்பு தேவைப்படும் இடத்தில் போட்டுக்கொண்டு, தேவைப்படாத இடத்தில் கழற்றிவிட வேண்டும் என்பதுதான் இங்கே சொல்லப்படுவது. ஒலி பட்டதும் காதில் உண்மையான வலி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்திச் சத்தத்துக்குள் தள்ளுவது கொடுமை. தாங்கக்கூடிய அளவிலிருந்து, வல்லுநரின் மேற்பார்வையில், மிக நிதானமாகத்தான் ஏற வேண்டும்.

உளவியல் சிகிச்சை என்றதும், ‘அப்படியென்றால் எல்லாம் என் மனப்பிரமையா?’ என்று நோயாளி புண்படுகிறார். இல்லை. இது நரம்புப் பாதையில் உண்மையாக நடக்கும் மாற்றம். ஆனால் மூளை பழகி மாறக்கூடிய உறுப்பு. எந்தத் திறனால் அது இரைச்சலைப் பற்றிக்கொண்டதோ, அதே திறனால் அதை விடவும் செய்யும். இன்னொரு மறுப்பு, இரைச்சலை அடியோடு நிறுத்தும் மருந்து இல்லாதபோது சிகிச்சை எதற்கு என்பது. நிறுத்துவதும் மீள்வதும் ஒன்றல்ல. பெரும்பாலோருக்கு மாதங்கள் செல்லச் செல்ல இரைச்சல் கவனத்தின் ஓரத்துக்கு நகர்கிறது; நாளில் பெரும்பகுதி நினைவிலேயே வருவதில்லை. சிறப்புக் கருவிகளை விற்பவர்கள் சொல்வதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். யாஸ்ட்ரெபோஃப் தன் விளக்கத்தின் அடிப்படையில் உருவாக்கிய மறுபயிற்சிச் சிகிச்சையை ஒலி எழுப்பும் கருவியோடும், பெயரளவுக் கருவியோடும், வழக்கமான ஆலோசனையோடும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2019இல் வெளிவந்தது. எல்லாக் குழுக்களும் நன்றாகவே முன்னேறின. குழுக்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இல்லை. தெளிவான விளக்கமும் தொடர்ந்த துணையும் பலனில் பெரும்பங்கு வகிக்கின்றன என்று இதைப் படிக்கலாம். விலை உயர்ந்த கருவி வாங்க முடியாதவருக்கு இது நம்பிக்கை தரும் செய்தி.

முதலில் மருத்துவர்

பழகிக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். சில நேரம் காரணம் இறுகிப்போன காதுக் குறும்பி அல்லது நடுச்செவித் தொற்றுதான். சரிசெய்தால் இரைச்சல் நின்றுவிடும். காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் ஊக்கு விட்டுக் குடைவதும் செவிப்பறையைக் கெடுக்கும். ஒரு காதில் மட்டும் தொடரும் இரைச்சல், நாடித் துடிப்போடு ஒத்துக் கேட்கும் ஓசை, தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவை தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். ஒரு காது திடீரென மந்தமானால் அது அவசர நிலை; ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஜென்டமைசின், அமிகாசின், சிஸ்பிளாட்டின், அதிக அளவு ஆஸ்பிரின் ஆகிய மருந்துகள் இரைச்சலைத் தரக்கூடும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தக் கூடாது. ஒற்றைத் தலைவலி ஒலிக்கூச்சத்தைத் தூண்டும். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. ஜின்கோ, துத்தநாகம், மெலடோனின் போன்றவற்றை இரைச்சலுக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014இலேயே வழிகாட்டியது. அந்தப் பணத்தைச் செவித்திறன் பரிசோதனைக்குச் செலவிடுவது மேல். செவித்திறன் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி இரட்டைப் பயன் தரும். பேச்சு தெளிவாகும், மூளைக்குச் செய்தி போதிய அளவு போவதால் பலருக்கு இரைச்சலும் பின்வாங்கும்.

அன்றாடப் பழக்கம்

வீட்டில் முழு அமைதியைத் தவிருங்கள். இரவில் மின்விசிறி, மெல்ல ஒலிக்கும் மழைச் சத்தம், தாழ்ந்த ஒலியில் வானொலி என்று ஏதேனும் ஒன்று இருக்கட்டும். அது இரைச்சலை மூழ்கடிக்க வேண்டாம், அதோடு கலந்து நின்றால் போதும். மூழ்கடித்துவிட்டால் மூளை பழக வேண்டியதோடு பழகாது. ஒலிக்கூச்சம் உள்ளவர், தவிர்த்துவந்த ஒலிகளை எளிதிலிருந்து கடினம்வரை வரிசையாக எழுதி, எளிதானதில் தொடங்கலாம். பதற்றமில்லாத நேரத்தில், ஒலியைக் கூட்டவும் நிறுத்தவும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, நாள்தோறும் சிறிது நேரம் கேட்க வேண்டும். அது சலிப்பாகும் அளவுக்குப் பழகிய பிறகே அடுத்த படி. இரைச்சல் கூடியிருக்கிறதா என்று அடிக்கடி காதைப் பொத்திச் சோதிப்பதை விட்டுவிடுங்கள். அந்தச் சோதனையே கவனத்தை அங்கே கட்டிப்போடும். தூக்கக்குறைவும் மனஅழுத்தமும் இரைச்சலைப் பெரிதாகக் காட்டும் என்பதால் ஒரே நேரத்தில் படுப்பதும் எழுவதும் உடற்பயிற்சியும் சிகிச்சையின் பகுதிகள்தாம். நல்ல நாளும் மோசமான நாளும் மாறி மாறி வரும். ஒரு மோசமான நாள் வந்தது என்பதற்காக முன்னேற்றம் அழிந்துவிட்டதாகப் பொருளில்லை.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வெளியே தெரியாத நோய் என்பதால் இதை நடிப்பு என்று ஒதுக்காதீர்கள். பரிவு என்ற பெயரில் அவரை அமைதியான அறைக்குள் அடைத்தும் வைக்காதீர்கள். உடன் நடந்து வெளியே அழைத்துப் போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் அவருக்கு வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. இரைச்சலோடு இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது: உங்கள் காது நின்றுபோகவில்லை, மூளை மிகையாக விழித்திருக்கிறது. பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தேவையற்ற பஞ்சைப் படிப்படியாக எடுத்துவிடுங்கள், ஒலிகளிடம் மெல்லத் திரும்புங்கள். மீள்வதற்குக் காலம் ஆகும். ஆனால் பெரும்பாலோர் மீள்கிறார்கள்.