இதழ் எண்ணிய குழந்தை

1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களின் கண்ணெதிரே, திடீரென்று ஒரு சிறு பெண் குழந்தை தோன்றினாள். வெட்டவெளியில் நின்றபடி, சாமந்தியை ஒத்த டெய்ஸி மலர் ஒன்றின் இதழ்களைப் பிய்த்துப் பிய்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். எண்கள் இன்னும் நாவில் படியாத மழலை ஆகையால், ஐந்துக்குப் பின் ஏழும் ஏழுக்குப் பின் ஆறும் வந்தன. ஒன்பதை எட்டியதும், ஓர் ஆணின் கனத்த குரல் பத்திலிருந்து தலைகீழாக எண்ணத் தொடங்கிற்று. குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். காமிரா அவளுடைய முகத்தை நெருங்கி நெருங்கி, முடிவில் கருவிழியின் இருளுக்குள்ளேயே புகுந்தது. எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்ட கணத்தில் அணுகுண்டு வெடித்து, காளான் வடிவில் புகை எழுந்தது. அந்தக் காட்சியின்மேல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் குரல் ஒலிக்க, நவம்பர் 3-ஆம் தேதி அவருக்கே வாக்களிக்குமாறு வேண்டிக்கொண்டு, ஒரு நிமிஷ விளம்பரம் முடிந்தது.

எதிர்த்து நின்ற அபேட்சகர் பாரி கோல்டுவாட்டரின் பெயர் அதில் ஓரிடத்திலும் உச்சரிக்கப்படவில்லை. உச்சரிக்க அவசியமும் இருக்கவில்லை. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியின் 13 நாட்களை மரணபயத்தோடு கழித்தவர்களும், அணுகுண்டு விழுந்தால் மேஜைக்கடியில் ஒடுங்கிக்கொள்ளும்படி பள்ளியில் பழக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரும் அதைப் பார்த்தார்கள். 1963-இல் அணு ஆயுதச் சோதனைத் தடை உடன்படிக்கையை எதிர்த்து வாக்களித்தவர் கோல்டுவாட்டர் என்பதும், சிறு அணு ஆயுதங்களைப் பிரயோகிக்கும் அதிகாரத்தைப் போர்க்களத் தளபதிகளுக்குத் தரலாம் என்ற அபிப்பிராயம் உடையவர் என்பதும் அவர்கள் அறிந்தவையே. சுருதி சேர்ந்த இரு வாத்தியங்களில் ஒன்றின் தந்தியை மீட்டினால் மற்றதன் தந்தி தானே அதிர்வதுபோல, விளம்பரம் விட்டுவைத்த பெயரைப் பார்த்தவர்களின் மனமே பூர்த்தி செய்தது. கேட்பவருக்குள் புதிதாக ஒன்றைப் புகுத்துவதைக் காட்டிலும், ஏற்கெனவே அங்கே இருப்பதைத் தட்டி எழுப்புவதே பிரசாரத்தின் சூட்சுமம் என்பது, இதன் உருவாக்கத்தில் பங்குகொண்ட ஒலிக்கலைஞர் டோனி ஷ்வார்ட்ஸின் சித்தாந்தம்.

கட்டணம் செலுத்தி அது ஒளிபரப்பானது அந்த ஒரே ஒரு முறைதான். ஆனால் எழுந்த கண்டனமே செய்தியாகி, செய்தி நிகழ்ச்சிகள் அதை மீண்டும் நாடெங்கும் காட்டின. ஜான்சன் 44 மாநிலங்களில் வென்று, 61 சதவீத வாக்குகளைப் பெற்றார். அதற்கு முன்பே அவர் வெகுதூரம் முந்தியிருந்தார் ஆகையால், வெற்றியை அந்த விளம்பரத்தின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. எனினும், அச்சத்தை எழுப்பி வாக்குக் கேட்கும் கலைக்கு அது ஒரு பாடமாக நிலைத்துவிட்டது.

அந்த அச்சம் எதை மறைத்தது என்பதே என் மனத்தை வருத்தும் கேள்வி. விளம்பரம் வெளிவருவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 7-ஆம் தேதி, வியட்நாமில் படைபலத்தைப் பிரயோகிக்க ஜனாதிபதிக்கு ஏறக்குறைய வரம்பற்ற அதிகாரம் அளிக்கும் டோங்கின் வளைகுடாத் தீர்மானத்தை, செனட்டில் இருவர் மட்டுமே எதிர்க்க, அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியிருந்தது. ஆசிய இளைஞர்கள் செய்யவேண்டிய காரியத்துக்கு அமெரிக்க இளைஞர்களை அனுப்பப் போவதில்லை என்று அக்டோபரில் பிரசார மேடையில் கூறிய அதே ஜான்சன், 1965 மார்ச்சில் டா நாங் கடற்கரையில் துருப்புகளை இறக்கினார். அவ்வாண்டு முடிவதற்குள் அவர்களின் தொகை 1,80,000-ஐத் தாண்டிற்று.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவது விவேகமே. அணு யுத்தம் அந்நாளில் வெறும் கற்பனை அன்று. ஆனால் வாதத்துக்கு எதிர்வாதம் சொல்லலாம். குழந்தையின் கண்ணுக்குள் வெடிக்கும் குண்டுக்கு எவர் என்ன பதில் சொல்ல முடியும்? விசாரணை முடங்கிய இடத்தில் பீதி தீர்ப்பு எழுதுகிறது. ஆகையால் தேர்தல் காலத்தில் நம்மை நடுங்கவைக்கும் எந்தக் காட்சியைக் கண்டாலும், இந்த அச்சத்துக்கு ஆதாரம் என்ன என்பதோடு, இதைக் காட்டுகிறவர் தாம் செய்யப்போவதைச் சொல்லிவிட்டாரா என்றும் பிரஜைகள் கேட்டே தீரவேண்டும். அன்று அமைதிக்கென்று நம்பி வாக்களித்த எத்தனையோ தாய்மார்கள், அடுத்த ஆண்டு தம் பிள்ளைகளை வியட்நாமுக்கு வழியனுப்பி நின்றார்கள்.