பள்ளிக்கூட விழாவில் நமக்கென்ன வேலை?



பெருந்தலைவர் காமராசரின் பிறந்த நாளான ஜூலை 15, 2006-ஆம் ஆண்டு முதல் நம் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்த ஆண்டு நம் கூட்டமைப்புக் கிராமம் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி விழாவுக்கு நாங்களும் போயிருந்தோம்.

வாசலில் கோலம், மாவிலைத் தோரணம். பிள்ளைகளின் பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, சாக்கு ஓட்டம் எல்லாம் நடந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் செய்தித்தாளைத் திக்காமல் படித்துக் காட்டினான். குழு அக்காமார் சுண்டல் செய்து கொண்டு வந்தார்கள். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, பொங்கல், கிச்சடி என்று தினமும் விடியற்காலையில் வந்து சமைப்பவர்களும் நம் குழுப் பெண்கள்தான். அவர்களை மேடைக்கு அழைத்துத் தலைமை ஆசிரியை துண்டு போர்த்தியபோது கைத்தட்டல் ஓயவே இல்லை.

சாக்கு ஓட்டம் முடிந்து ஐந்தாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று வியர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தது. ஒரு அக்கா தண்ணீர் கொடுத்தார். "வேணாம் அத்தை. குடிச்சா ஒன்னுக்கு வரும். வீட்டுக்குத்தான் ஓடணும்" என்றது பிள்ளை.

போய்ப் பார்த்தோம். கழிப்பறை இருக்கிறது. குழாயில் தண்ணீர் இல்லை, கதவில் தாழ்ப்பாள் இல்லை. பெண் பிள்ளைகள் பலர் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்திருக்கிறார்கள். "எம்பொண்ணு நீர்க்கடுப்புன்னு அழுதா. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத்தான் பொய் சொல்றான்னு அடிச்சுப்புட்டேனே" என்று ஒரு தாய் கண் கலங்கினார். தண்ணீர் குறைவாகக் குடித்து, சிறுநீரையும் அடக்கினால் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வரும். பிள்ளை சொன்னது பொய்யில்லை.

"இதையெல்லாம் நாம போய்க் கேக்கலாமா? வாத்தியாரு கோவிச்சுக்க மாட்டாரா?" என்று அக்காமார் தயங்கினார்கள். தாராளமாகக் கேட்கலாம். அதற்குச் சட்டமே இருக்கிறது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அதாவது 20 பேர் குழு என்றால் 15 பேர் பெற்றோர், 10 பேர் பெண்கள்.

இந்தக் குழுவின் வேலை என்ன?

* பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது.
* பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது.
* பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது.

ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் நல்ல குடிநீரும் பள்ளியில் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை இல்லை, பிள்ளைகளின் உரிமை.

அந்த ஊரில் மேலாண்மைக் குழுவில் நம் சகோதரிகள் சிலர் ஏற்கெனவே இருந்தார்கள். "கையெழுத்து கேட்டாங்க, போட்டோம்" என்பதோடு சரி. அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் போனார்கள். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட்டார்கள். "நான் தனியா கேட்டுக்கிட்டே இருந்தேன். இப்ப நீங்களும் வந்தது பலம்" என்று தலைமை ஆசிரியையே சொன்னார். ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் மனு கொடுத்தார்கள். இப்போது குழாயில் தண்ணீர் வருகிறது, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது. தினமும் சுத்தம் செய்ய ஆள் போடும் வேலை மட்டும் பாக்கி. அதையும் விடாமல் கேட்டு வருகிறார்கள்.

சகோதரிகளே! நம் குழுவில் கடன் கணக்கை வாசிக்காமல் கையெழுத்துப் போடுவோமா? பள்ளிக் கூட்டத்திலும் அப்படியே இருப்போம். உங்கள் ஊர் மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அடுத்த கூட்டம் எப்போது என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள்.

இன்று சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "என்ன படிச்சே?" என்று கேட்பதோடு, "இன்னைக்குத் தண்ணி குடிச்சியா?" என்றும் கேட்போம்.