தடம் இருந்தால்தான் தடுமாற முடியும்

விபத்துக்கு முன்பு அந்தக் கார் ‘எராட்டிக்கலி’ ஓடிக்கொண்டிருந்தது என்று ஆங்கிலச் செய்தியில் ஒரு வரி வருகிறது. தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாகத் ‘தாறுமாறாக’ என்று எழுதிவிடும். பெரிய தவறில்லை. ஆனால் அடுத்த வாரமே, இந்த ஆண்டு பருவமழை எராட்டிக்கலி பெய்தது என்று இன்னொரு வரி வரும். இதையும் ‘தாறுமாறாகப் பெய்தது’ என்று எழுதினால், ஊரே வெள்ளத்தில் மிதந்ததாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார். செய்தி சொல்ல வந்தது வேறு. நான்கு நாள் கொட்டியது, மூன்று வாரம் காய்ந்தது, மழை தேவைப்பட்ட நேரத்தில் வரவில்லை, அறுவடை நேரத்தில் வந்து நின்றது. நம் விவசாயிகள் இதைப் ‘பெய்தும் கெடுத்தது, காய்ந்தும் கெடுத்தது’ என்பார்கள்.

இரண்டு செய்தியிலும் ஆங்கிலச் சொல் ஒன்றுதான். தமிழில் ஒரே சொல் ஏன் போதவில்லை? அந்தச் சொல் எதைச் சுட்டுகிறது என்று பார்த்துவிட்டால் இதற்கு விடை கிடைத்துவிடும்.

முதலில் எழுத்தையும் உச்சரிப்பையும் முடித்துவிடலாம். பெயரடை ‘எராட்டிக்’, அதில் இரண்டு ஆர் வரும். ‘ஐசி’ என்று முடியும் ஆங்கிலப் பெயரடைகளை வினையடையாக்கும்போது வெறும் ‘லி’ போதாது, நடுவில் ‘ஏஎல்’ சேர வேண்டும். ‘பப்ளிக்லி’ இதற்கு விதிவிலக்கு. ஆனால் அப்படிச் சேர்த்த எழுத்து வாயில் ஏறுவதில்லை. எழுதுவதை அப்படியே படித்தால் ‘எராட்டிக்கலி’. பேச்சில் ‘இராட்டிக்லி’ என்றுதான் கேட்கும். அழுத்தம் ‘ரா’வில். ஒரு எச்சரிக்கை: ஒரு ஆரை விட்டுவிட்டு, ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஓ’ போட்டால் காமம் சார்ந்த வேறொரு சொல்லாகிவிடும். அலுவலகக் கடிதத்தில் இந்தப் பிழை நேர்ந்தால் அதை விளக்கிச் சமாளிப்பது கடினம்.

இனிப் பொருள். கணிக்க முடியாதபடி என்று அகராதி சொல்லும். அது பாதிதான். மீதியைச் சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்க்கலாம்.

ஒரு கடிகாரம் தினமும் சரியாகப் பத்து நிமிடம் பின்தங்கியே ஓடுகிறது. அது காட்டும் நேரம் தவறு. ஆனால் அது எராட்டிக் இல்லை. பத்தைக் கூட்டிக்கொண்டால் வேலை நடந்துவிடும். இன்னொன்று நின்றே போய்விட்டது. அதுவும் எராட்டிக் இல்லை. மூன்றாவதில் பேட்டரி தீரும் நிலை. வினாடி முள் மேலிருந்து கீழே நன்றாக இறங்குகிறது. மறுபக்கம் ஏறும்போது ஒன்பதை நெருங்கியதும் திணறுகிறது, ஒரே இடத்தில் துடிக்கிறது. முள் படுக்கைவாக்கில் கிடக்கும் அந்த இடத்தில்தான் அதைத் தூக்க அதிக விசை வேண்டும். சில சமயம் எப்படியோ தாண்டிவிடுகிறது. சில சமயம் கால் மணி நேரம் அங்கேயே துடித்துக்கொண்டு நிற்கிறது. காலையில் சரியாக இருந்தது மதியம் இருபது நிமிடம் பின்னால் போயிருக்கும். எவ்வளவு கூட்டிக்கொள்வது என்று உங்களால் சொல்ல முடியாது. இந்தக் கடிகாரம்தான் எராட்டிக்கலி ஓடுகிறது.

ஆக, இந்தச் சொல் பொருந்த இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, இப்படித்தான் நடக்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு முன்கூட்டியே இருக்க வேண்டும். இரண்டு, அதிலிருந்து விலகுவது நம் கணக்குக்குள் வராமல் இருக்க வேண்டும். தாயக்கட்டையில் என்ன விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் தாயக்கட்டை எராட்டிக்கலி விழுகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லமாட்டார்கள். அதனிடம் யாரும் ஒழுங்கை எதிர்பார்க்கவில்லையே. அதற்கு ‘ரேண்டம்லி’ என்ற சொல் இருக்கிறது.

சொல்லின் பிறப்பும் இதையே சொல்கிறது. லத்தீனில் ‘எர்ராரே’ என்றால் அலைதல், வழி மாறித் திரிதல். தவறு என்ற பொருளில் வரும் ‘எரர்’, நூல்களில் பிழைதிருத்தமாக வைக்கும் ‘எர்ராட்டா’ எல்லாம் இதே வேரில் முளைத்தவை. ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் ‘எராட்டிக் ஸ்டார்’ என்றால் கோள். மற்ற விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் கூட்டமாக நகர, புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தும் மட்டும் அவற்றின் நடுவே அலைந்தன. செவ்வாய் ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றும். நம் பஞ்சாங்கம் அதை வக்கிரம் என்கிறது. வளைவு, கோணல் என்று பொருள். 1609-ல் கெப்ளர் செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று கணக்கிட்டுக் காட்டினார். இன்று கோள்களை யாரும் எராட்டிக் என்பதில்லை. கோள்கள் மாறவில்லை; அவற்றின் பாதை நமக்குப் பிடிபட்டுவிட்டது, அவ்வளவுதான்.

நிலவியலில் மட்டும் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஒகோடோக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், சமவெளியின் நடுவே சுமார் 16,500 டன் எடையுள்ள ஒரு பாறை கிடக்கிறது. சுற்றுவட்டாரத்து மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பனியுகத்தில் ஜாஸ்பர் பகுதி மலையிலிருந்து பனியாறு சுமந்துவந்து போட்டுவிட்டுப் போனது. இப்படிப்பட்ட பாறைக்கு நிலவியலார் வைத்த பெயர் ‘எராட்டிக்’. பல்லாயிரம் ஆண்டுகளாக அசையாமல் கிடப்பதற்கு அலைந்து திரிந்தது என்று பெயர்!

பக்கத்து வீட்டுச் சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். ‘இன்டர்மிட்டன்ட்லி’ என்றால் விட்டு விட்டு. ஒரு குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வந்தால் இது போதும். ‘ஸ்போராடிக்கலி’ என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக. ‘இர்ரெகுலர்லி’ என்றால் சீரில்லாமல். ஆனால் அந்தச் சீரின்மைக்குள்ளேயே ஒரு ஒழுங்கு இருக்கலாம். மருத்துவர்கள் நாடித்துடிப்பில் இதை நுட்பமாகப் பிரிக்கிறார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை ஒரு துடிப்பு தவறினால் ‘ரெகுலர்லி இர்ரெகுலர்’. இதயத்தின் மேலறைகள் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயில் எந்தத் துடிப்பு எப்போது வரும் என்றே சொல்ல முடியாது. அது ‘இர்ரெகுலர்லி இர்ரெகுலர்’. நம் சொல் இந்த இரண்டாவதற்குத்தான் நெருங்கிய சொந்தம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு ‘கெப்ரீஷஸ்லி’ என்ற சொல்லோடு. நினைத்தால் கொடுப்பார், நினைத்தால் பிடுங்குவார் என்று ஒரு முதலாளியைச் சொன்னால் அது கெப்ரீஷஸ்லி. அங்கே ஒரு மனம் இருக்கிறது, அதன் இஷ்டம் இருக்கிறது. எராட்டிக்கலி மனத்துக்குள் நுழைவதில்லை. வெளியே தெரிந்த நடத்தையோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் காவல்துறை அறிக்கைகளில் அதற்கு அவ்வளவு இடம். கார் எராட்டிக்கலி ஓடியது என்றால், இடமும் வலமுமாகப் போனது, காரணமில்லாமல் வேகம் கூடிக் குறைந்தது என்று மட்டுமே அர்த்தம். ஓட்டியவர் குடித்திருந்தாரா, தூங்கிவிட்டாரா என்று அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கினால் பேச்சு குழறும், கால் தள்ளாடும். பார்ப்பவருக்குக் குடித்தவர் போலவே தெரியும். ‘தாறுமாறாக ஓட்டினார்’ என்று நாம் எழுதும்போது பழியும் சேர்ந்து ஏறிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லில் அந்தப் பழி இல்லை.

அப்படியானால் தமிழில் எப்படி எழுதுவது? பொருளைப் பார்த்துத்தான். நாடி என்றால் ‘சீரில்லாமல் துடிக்கிறது’. மின்சாரம் என்றால் ‘ஏறி இறங்குகிறது’. பந்துவீச்சு என்றால் ‘லைனும் லெங்த்தும் நிற்கவில்லை’. மனிதர் என்றால் ‘ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்கமாட்டார்’. ஒவ்வொன்றிலும் அதனதன் ஒழுங்கு எது என்று தமிழ் கேட்கிறது. அதனால் ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதவில்லை.

விபத்தில் சிக்கிய அந்தக் காருக்கு? ‘இடமும் வலமுமாக அலைந்து வந்தது’ என்று எழுதலாம். கண்டது அவ்வளவுதான். மிச்சத்தை ரத்தப் பரிசோதனை சொல்லட்டும்.