தண்ணீர் வராது எனச் சொல்லலாம். ஏன் வரவில்லை எனக் கேட்கக் கூடாது: எஃப்.எம். வானொலிக்கு என்ன தடை?

காலை 9 மணி. கத்திப்பாராவில் வண்டி நகரவே இல்லை. ‘கிண்டி பக்கம் போயிடாதீங்க, செம டிராஃபிக்’ என்கிறார் எஃப்.எம். ஆர்ஜே. அந்த நெரிசலுக்குக் காரணம் ஓர் ஆர்ப்பாட்டம் என்று வைத்துக்கொள்வோம். யார், எதற்காக ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதை அவர் சொல்ல மாட்டார். தெரியாமல் இல்லை, சொல்ல அனுமதி இல்லை.

இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. 2011-ல் வந்த மூன்றாம் கட்ட எஃப்.எம். கொள்கை கொஞ்சம் வழிவிட்டது. ஆகாஷ்வாணியின் செய்தியறிக்கையை எதையும் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். டிராஃபிக், வானிலை, கரன்ட் கட், குடிநீர் விநியோகம், தேர்வு முடிவு இதெல்லாம் ‘செய்தி அல்ல’ என்ற கணக்கில் வரும். ஆக, உங்கள் தெருவுக்கு இன்று தண்ணீர் வராது என்று அறிவிக்கலாம். ஏன் வரவில்லை என்று கவுன்சிலரை மைக் முன்னால் உட்காரவைத்துக் கேட்டால் சிக்கல்.

இத்தனைக்கும், அலைவரிசை அரசின் சொத்து அல்ல, மக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்று தூர்தர்ஷன் தரப்புக்கும் வங்க கிரிக்கெட் சங்கத்துக்கும் நடந்த சண்டையில் வந்த தீர்ப்பு அது. அரசின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது, பல தரப்புக் குரல்களும் மக்களுக்குக் கேட்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

டிவியில் தனியார் செய்தி சேனல்கள் குவிந்துவிட்டன. வானொலியில் மட்டும் ஒரே குரல்தான். பாதுகாப்புப் பிரச்சினை வரும், இத்தனை நிலையங்களைக் கண்காணிக்க முடியாது என்பது அரசுத் தரப்பு வாதம். டிவிக்கும் யூடியூபுக்கும் இல்லாத ஆபத்து எஃப்.எம்.முக்கு மட்டும் எப்படி? பக்கத்தில் இலங்கையிலேயே சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். எல்லாம் சொந்தமாகத் தமிழில் செய்தி வாசிக்கின்றன. டேட்டா தீர்ந்தாலும், வெள்ளத்தில் டவர் படுத்தாலும் கேட்கக்கூடியது வானொலிதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தத் தடையை எதிர்த்து 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. 2023 செப்டம்பரில் டிராய், மணிக்கு 10 நிமிடம் வரை செய்தி, நடப்பு நிகழ்ச்சிகளை அனுமதிக்கலாம் என்றது. அது பரிந்துரைதான், முடிவெடுக்க வேண்டியது மத்திய அரசு.

சரி, அனுமதி கிடைத்தால் புதுக் குரல்கள் வந்துவிடுமா? அங்கேதான் இடிக்கிறது. சூரியன் எஃப்.எம். சன் குழுமத்துடையது. ஹலோ எஃப்.எம். தினத்தந்தி குழுமம். மிர்ச்சி, டைம்ஸ் குழுமம். ஏற்கெனவே டிவியிலோ பேப்பரிலோ செய்தி தருகிறவர்கள்தான் இங்கும் தருவார்கள்.

உள்ளூர்க்காரர்களே மைக் பிடிக்கும் இடம் சமுதாய வானொலி. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. அதற்கும் சொந்தச் செய்திக்குத் தடை உண்டு. டிராய் சொன்ன அந்த 10 நிமிடம், தனியார் எஃப்.எம்.களுக்கு மட்டும்.